டிராஃப்டில் பெயர் வராத ஐஸ் ஹொக்கி முன்கள வீரர்: இனி என்ன வழி?

விசுவமடு வாத்தியார் கேட்கிறார்:

இந்தக் களத்துக்கு இதுவரை உயர்தரக் கணித வினாக்களோடும், நெல்லில் நோய் கண்ட காலங்களில் மருந்து விசாரிப்பதற்கும் மட்டுமே வந்துபோன நான், இம்முறை எனக்கு அறவே பழக்கமில்லாத ஒரு விடயத்தோடு வந்திருக்கிறேன். ஐஸ் ஹொக்கியைப் பற்றி அறிந்தவர்கள், குறிப்பாகக் கனடாவில் வாழ்ந்து திரும்பியவர்கள், பொறுமையாக வாசித்துப் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் அக்காவின் மகன் ரொறன்ரோவுக்கு அருகே பிறந்து வளர்ந்தவன். ஐந்து வயதில் ஸ்கேற் சப்பாத்தைக் கட்டியவன் இன்னும் கழற்றவில்லை என்று அக்கா சொல்வார். இடது பக்க முன்கள வீரனாக ஒன்ராறியோவின் இளையோர் லீக் ஒன்றில் ஆடுகிறான். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். சென்ற நவம்பரில் அவனுக்குப் பதினெட்டு நிறைந்தது. என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹொக்கி லீக்கின் கழகங்கள் ஆண்டுதோறும் ஜூன் மாத இறுதியில் இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் டிராஃப்டில், கடைசிச் சுற்றுகளிலாவது அவனுடைய பெயர் வரக்கூடும் என்று அவனது பயிற்றுநர் சொல்லியிருந்தார். இரண்டு நாட்கள் வீடு முழுவதும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்திருக்கிறது. 224 பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவனுடைய பெயர் வரவில்லை.

அன்றிரவு அக்கா என்னை அழைத்து, "பதின்மூன்று வருசம் விடியப்புறம் எழும்பிப் பனியைத் தள்ளிக் கார் எடுத்தது எல்லாம் வீணாப் போச்சே தம்பி" என்று அழுதார். அத்தான் இரவு வேலை முடிந்து வந்து, தூங்காமலே பிள்ளையைப் பயிற்சிக்குக் கொண்டுபோய்விட்ட காலங்களும் உண்டு. மருமகனோ எவரோடும் பேசாமல் அறைக்குள் இருக்கிறான். விளையாட்டை விட்டுவிட்டுப் பொறியியல் படிக்கப் போகும்படி நான் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பது அக்காவின் விருப்பம்.

புத்தி சொல்வதற்கு முன் விடயத்தை விளங்கிக்கொள்ள விரும்புகிறேன். இந்தத் தெரிவில் தவறியது பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியில் தவறியது போன்றதா, அல்லது வேறு வகையானதா? மறுபடியும் தோற்ற முடியுமா? தெரிவாகாமலே தொழில்முறை வீரராக நிலைத்த முன்கள வீரர்கள் இருந்தால், அவர்கள் எந்த வழியால் போனார்கள்?

*

பூநகரி மானாவாரி:

வணக்கம் வாத்தியார். இணையத்தில் தேடி வாசித்த அளவில் சொல்கிறேன். உயர்தரப் பரீட்சையைப் போலவே இதற்கும் மூன்று தடவை தோற்றலாம் என்று தெரிகிறது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது ஆகிய வயதுகளில். ஆகவே மருமகனுக்கு இன்னும் இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஆயினும் முதல் தடவையில் 32 கழகங்களும் ஏழு சுற்றிலும் வேண்டாம் என்று விட்ட ஒருவனை, அடுத்த முறை எதற்காக எடுக்கப் போகின்றன என்பதையும் யோசிக்க வேண்டும். அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. படிக்கச் சொல்லுங்கள்.

*

கண்டாவளை திரும்பியவன்:

நான் கண்டாவளையில் பிறந்து, மொன்றியல் போய், இருபத்தைந்து ஆண்டுகளை அங்கே உணவகச் சமையலறைகளில் கழித்துவிட்டு, இப்போது ஊரில் வயலோடும் நாலு மாட்டோடும் இருப்பவன். மொன்றியல் சமையலறையில் வேலை செய்தவன் ஹொக்கியிலிருந்து தப்ப முடியாது. ஆட்டம் நடக்கும் இரவுகளில் அங்கே வானொலியை எவரும் அணைப்பதில்லை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. குளிர்காலத்தில் அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே விடிய ஐந்தரைக்குத் தொடங்குவதால், பால் கறந்துவிட்டு வந்து அமர்ந்தால் இரண்டாம் பகுதியைத் தொலைபேசியிற் பார்த்துவிடலாம்.

வாத்தியாரின் வெட்டுப்புள்ளி உவமை பாதி தூரந்தான் வரும். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. டிராஃப்டில் தெரிவானவருக்கு அப்படி எதுவும் உறுதியில்லை. தெரிவு என்பது, இந்தப் பிள்ளையோடு ஒப்பந்தம் பேசும் உரிமை குறித்த காலத்துக்கு எங்களுக்கு மட்டுமே உரியது என்று ஒரு கழகம் வேலி போட்டுக்கொள்வதாகும். வேலி போட்டபின் பயிர் செய்யாமல் விடுவதும் உண்டு. பிந்திய சுற்றுகளில் தெரிவானவர்களிற் பெரும்பாலானோர் என்.எச்.எல்.லில் நிலையான இடம் பிடிப்பதில்லை. தெரிவாகாமல் டிராஃப்ட் வயதைக் கடந்தவரோ எந்த வேலிக்குள்ளும் இல்லை. விரும்பிய கழகத்தோடு அவர் ஒப்பந்தம் செய்யலாம்.

ஆயினும் தெரிவானவருக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. அவரைத் தெரிவுசெய்த அதிகாரி தன் தெரிவு பிழைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அவருக்கு மீண்டும் மீண்டும் வாய்ப்புக் கொடுப்பார். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயலையும் பூநகரி மானாவாரி வயலையும் நினைத்துப் பாருங்கள். விதையும் உழைப்பும் ஒன்றாக இருந்தாலும், ஒரு கிழமை மழை பிந்தினால் முன்னையதற்கு வாய்க்கால் திறக்கப்படும், பின்னையது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தெரிவாகாத வீரர் இரண்டு கிழமை மோசமாக ஆடினால் அவருக்காகப் பேச எவருமில்லை.

இனி வாத்தியார் கேட்ட உதாரணத்துக்கு வருகிறேன். எங்கள் மொன்றியல் கழகத்துக்கு 2022 பெப்ரவரியில் தலைமைப் பயிற்றுநராக வந்த மார்ட்டின் சென் லூயி, மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் 1975இல் பிறந்தவர். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். உங்கள் மருமகனைவிட ஓர் அங்குலம் குறைவு. எந்தக் கழகமும் அவரை எந்த ஆண்டிலும் தெரிவுசெய்யவில்லை. அவர் அமெரிக்காவின் வெர்மொன்ற் பல்கலைக்கழகத்துக்குப் போய் நான்கு ஆண்டுகள் அதன் அணிக்கு ஆடினார். அங்கே கோல்களும் கோலுக்கு உதவிய பாஸ்களும் சேர்ந்து 267 புள்ளிகள். அதற்குப் பிறகும் என்.எச்.எல். கதவு திறக்கவில்லை. கீழ்மட்டத் தொழில்முறை லீக் ஒன்றில் கிளீவ்லாந்து அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவரை 1998இல் கல்கரி கழகம் ஒப்பந்தம் செய்து, தன் துணை அணிக்கும் முதன்மை அணிக்குமாக மேலும் கீழும் அலையவிட்டது. கல்கரிக்காக அவர் ஆடியது 69 ஆட்டங்கள்; அடித்தது நான்கு கோல்கள். 2000ஆம் ஆண்டில் மினசோட்டா, கொலம்பஸ் என்ற இரண்டு புதிய கழகங்கள் மற்றைய கழகங்கள் காப்பாற்றாத வீரர்களை எடுக்க வந்தபோது, கல்கரி அவரைக் காப்புப் பட்டியலில் வைக்கவில்லை. புதிய கழகங்களும் அவரை எடுக்கவில்லை. இருபத்தைந்து வயதில் மறுபடியும் எவருக்கும் வேண்டாதவரானார்.

அந்தக் கோடையில் தம்பா பே கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2003–04 பருவத்தில் 94 புள்ளிகளோடு லீக்கிலேயே முதலிடம், லீக்கின் அதிபெறுமதியான வீரருக்கான ஹார்ட் விருது, அதன்பின் லீக்கின் வாகை அணிக்குரிய ஸ்ரான்லி கிண்ணம். இறுதித் தொடரில் எதிரணி யார் தெரியுமா? கல்கரி. ஆறாவது ஆட்டத்தில் தோற்றால் தம்பாவுக்குக் கிண்ணம் இல்லை. கல்கரியின் சொந்தத் தளத்தில், இரண்டாவது மேலதிக நேரம் தொடங்கி 33 செக்கனில் வெற்றிக் கோலை அடித்தவர் சென் லூயி. அந்த இரவு எங்கள் சமையலறையில் இரண்டு தட்டுகள் உடைந்தன. ஏழாவது ஆட்டத்தையும் வென்று தம்பா கிண்ணத்தை எடுத்தது. பின்னர் 2013இல், முப்பத்தேழு வயதில், லீக்கின் புள்ளிப் பட்டியலில் மறுபடியும் முதலிடம் பிடித்தார். அந்த வயதில் அதைச் செய்தவர் அவருக்கு முன் எவருமில்லை. மொத்தம் 1,134 ஆட்டங்கள், 1,033 புள்ளிகள். 2018இல் ஹொக்கியின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

இதை மருமகனுக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கு மனப்பாடமாக இருக்கும். நம்மவர்கள் இந்தக் கதையோடு நின்றுவிடுவதுதான் பிழை. தெரிவாகாத முன்கள வீரர் ஒருவரின் சாதாரண வாழ்க்கை எப்படிப் போகிறது என்பதைத்தான் நீங்கள் அறிய வேண்டும்.

என்.எச்.எல்.லுக்குக் கீழே ஏ.எச்.எல். என்றொரு லீக், அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். என்றொரு லீக். ஏ.எச்.எல்.லில் 32 அணிகள். ஒவ்வொன்றும் ஒரு மேற்கழகத்தோடு பிணைந்தது. தெரிவாகாதவர் பெரும்பாலும் மேற்கழகத்தோடு ஒப்பந்தம் பெறுவதில்லை, ஏ.எச்.எல். அணியோடு மட்டும் ஒப்பந்தம் செய்து, அதே பயிற்சி, அதே பேருந்து, அதே ஆட்டம் என்று இருப்பார். மேலே ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அழைப்பு வருவது மேற்கழக ஒப்பந்தம் உள்ளவருக்குத்தான். நமது மாகாணத்துத் தொண்டர் ஆசிரியர்களை நினைத்துப் பாருங்கள். வகுப்பை நடத்துபவர் அவர்தான். நியமனக் கடிதந்தான் அவரிடம் இல்லை. மேற்கழகம் ஒன்று ஒரே வேளையில் ஆகக் கூடியது 50 ஒப்பந்தங்களையே வைத்திருக்கலாம் என்பது விதி. சிறுபோகக் கூட்டத்தில் இவ்வளவு ஏக்கருக்கே தண்ணீர் என்று தீர்மானித்த பின் பங்கு கேட்டுப் போவது போன்றது, அந்த ஐம்பதுக்குள் ஓர் இடம் கேட்பது.

அந்த ஐம்பதுக்குள் நுழைந்தாலும், ஓர் ஆட்டத்தில் களமிறங்கும் முன்கள வீரர்கள் பன்னிரண்டு பேர். மூவர் மூவராக நான்கு வரிசை. ஒரு வரிசை பனித்தளத்தில் நிற்பது முக்கால் நிமிடம் அளவில். பிறகு அடுத்த வரிசை. முதல் இரண்டு வரிசைகளும் கோல் அடிப்பதற்கானவை. அவை டிராஃப்டின் முதற் சுற்றுகளில் வந்தவர்களால் பெரும்பாலும் நிறைந்திருக்கும். தெரிவாகாதவருக்குத் திறக்கும் வாசல் நான்காவது வரிசை. அங்கே கேட்கப்படுவது வேறு வேலை: எதிரணியின் பின்களத்துக்குள் ஓடிப்போய் அவர்களைத் தடுமாறச் செய்வது, எதிராளி அடிக்கும் பக் எனப்படும் ரப்பர் வட்டைத் தன் உடம்பால் மறிப்பது, தன் அணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியேறியிருக்கும் இரண்டு நிமிடங்களையும் நால்வராக நின்று ஐவரிடமிருந்து காப்பது. கீழ் லீக்கில் கோல் மழை பொழிந்தும் மேலே போகாமல் முப்பது வயதான முன்கள வீரர்கள் ஏராளம். அவர்களிற் பலருக்கு இந்த இரண்டாவது வேலை வராது.

யானி கூர்டைப் பாருங்கள். கியூபெக்கைச் சேர்ந்தவர், உயரம் இல்லாதவர், தெரிவாகாதவர். ஈ.சி.எச்.எல்.லின் கலமசூ அணி வரைக்கும் கீழே போனவர். 2014இல் தம்பா கழகத்தோடு சேர்ந்தும், முழுப் பருவம் மேலே ஆட 2017 வரை காத்திருந்தார். 2021 அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் ஒன்றுக்குப் பூச்சியம் என்று முடிந்தது. அந்த ஒன்றை அடித்தவர் கூர்ட். அடித்தபோது தம்பா ஓராள் குறைவாக ஆடிக்கொண்டிருந்தது. தண்டனை நேரத்தைக் காக்க இறக்கப்பட்டவர் அடித்த கோல், அவருடைய கழகத்தைத் தொடர்ந்து இரண்டாவது ஆண்டாகக் கிண்ணத்தை நோக்கி அனுப்பியது. மருமகன் கேட்க விரும்பினால் சென் லூயியை விட்டுவிட்டு இந்தக் கோலைப் பற்றிப் பேசுங்கள்.

*

முள்ளியவளை உடற்கல்வி ஆசிரியை:

கண்டாவளை ஐயா எழுதியவை அனைத்தும் சரி. ஆனால் பூநகரித் தம்பி எழுதிய மூன்று தடவைக் கணக்கைத் திருத்தாமல் விட்டுவிட்டார். இந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம்.

டிராஃப்ட் விதி இரண்டு திகதிகளைக் கொண்டது. அந்த ஆண்டின் செப்டெம்பர் 15க்குள் பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். டிசம்பர் 31க்குள் இருபத்தொன்று நிறையக் கூடாது. ஜனவரி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை பிறந்த கனடியப் பிள்ளைக்கு இதனால் மூன்று தடவை கிடைக்கும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு முதல் வாய்ப்பு ஓராண்டு பிந்தியே வரும். கடைசி வாய்ப்பு பிந்துவதில்லை. ஆகவே அவருக்கு இரண்டே தடவை. வாத்தியாரின் மருமகன் நவம்பரிற் பிறந்தவன். அவனுக்கு இனி இருப்பது வருகிற ஜூன் ஒன்றுதான். இதை வீட்டில் அறிந்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

பிறந்த மாதத்தின் பாதிப்பு அதற்கும் முன்பே தொடங்குகிறது. கனடாவில் சிறுவர் ஹொக்கியின் வயதுப் பிரிவு ஜனவரி முதலாம் திகதியைக் கொண்டு பிரிக்கப்படுகிறது. எட்டு வயது அணிக்குப் பிள்ளைகளைத் தெரியும்போது ஜனவரியிற் பிறந்தவனும் டிசம்பரிற் பிறந்தவனும் ஒரே வரியில் நிற்பார்கள். முன்னவன் ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன், அதற்கேற்ற உயரமும் பலமும் உடையவன். அவனையே நல்ல அணிக்கு எடுப்பார்கள். நல்ல அணியில் நல்ல பயிற்சி கிடைக்கும். அடுத்த ஆண்டு அவன் உண்மையாகவே திறமான வீரனாகிவிடுவான். உயர்மட்ட இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருப்பதை றொஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1980களிலேயே எடுத்துக்காட்டினார். நான் இதை நம்புவதற்கு ஆய்வு தேவைப்படவில்லை. கோட்டமட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தெரியும்போது, வயதுப் பிரிவின் கடைசி மாதத்திற் பிறந்த பிள்ளை நூறு மீற்றர் ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்து அழுதுகொண்டு நிற்பதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். அவளைத் தெரியாமல் விடுவதும் நானேதான். வலயமட்டத்தில் பதக்கம் வேண்டுமே.

ஐயா சொன்ன கூர்ட் 1991 டிசம்பர் 15இல் பிறந்தவர். ஆகவே 2010, 2011 என்ற இரண்டு டிராஃப்டுகளோடு அவருடைய கணக்கு முடிந்தது. 2011–12 பருவத்தில் கியூபெக் இளையோர் லீக்கில் 124 புள்ளிகள் பெற்று முதலிடம் வந்தார். அப்போது அவரைத் தெரிவதற்கு டிராஃப்டே மிஞ்சியிருக்கவில்லை.

ஜொனதன் மார்ஷசோ என்பவரும் அப்படியே. 1990 டிசம்பர் 27இல் பிறந்தவர். ஆண்டு முடிய நான்கு நாள். உயரம் உங்கள் மருமகனைப் போல ஐந்தடி ஒன்பது. கொலம்பஸ், தம்பா, புளோரிடா என்று கழகம் கழகமாக மாறி, 2016–17இல் புளோரிடாவுக்காக 30 கோல்கள் அடித்த பிறகும், அந்தக் கழகம் அவரைக் காப்புப் பட்டியலில் வைக்காமல் விட்டது. புதிதாகத் தொடங்கிய லாஸ் வேகாஸ் கழகம் எடுத்துக்கொண்டது. 2023இல் வேகாஸ் கிண்ணம் வென்றபோது, இறுதிக் கட்ட ஆட்டங்கள் முழுவதிலும் அதிசிறந்த வீரருக்கான கொன் ஸ்மைத் விருது அவருக்கே கிடைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. 2004–05 பருவம் சம்பளப் பிணக்கினால் முழுவதுமாக நின்றுபோன பின், மறுபடி தொடங்கிய ஆட்டத்தில் மட்டையாற் கொழுவி இழுப்பதையும் பிடித்து நிறுத்துவதையும் நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். குள்ளமான, வேகமான முன்கள வீரருக்கு அதன் பிறகே ஓடுவதற்கு இடம் கிடைத்தது. உயரத்தைச் சொல்லி மருமகன் மனம் சோர்ந்தால் இதைச் சொல்லுங்கள்.

*

துணுக்காய் கணக்காளர்:

எல்லோரும் வென்றவர்களையே எண்ணுகிறீர்கள். மாங்குளம் சந்தியில் நின்று, இவ்வழியால் போன பேருந்துகள் எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்தன என்று சொல்வதைப் போல இருக்கிறது. இடையில் பழுதாகி நின்றவை சந்திக்கு வருவதில்லை. சென் லூயிக்கு அருகில் அதே பேருந்தில் இருந்து, இருபத்தெட்டு வயதில் முழங்கால் போய் வீடு திரும்பியவரின் பெயரை இங்கே எவரும் எழுதப் போவதில்லை, ஏனென்றால் எவருக்கும் தெரியாது.

பணத்தைப் பாருங்கள். 2025–26 பருவத்தில் என்.எச்.எல்.லின் ஆகக் குறைந்த ஆண்டுச் சம்பளம் 7,75,000 அமெரிக்க டொலர். அதன் ஒரு படி கீழே ஏ.எச்.எல். ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அதிற் சிறு பங்கே கிடைக்கும். ஈ.சி.எச்.எல். வீரர் கோடையில் வேறு வேலை பார்த்தே ஆக வேண்டும். மேற்கழக ஒப்பந்தம் பெற்றாலும், முதல் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இருவழி ஒப்பந்தங்கள். மேலே ஆடும் நாளுக்கு ஒரு சம்பளம், கீழே ஆடும் நாளுக்கு இன்னொன்று. "என்.எச்.எல். ஒப்பந்தம் கிடைத்தது" என்று உறவினர் கொண்டாடும்போது, பிள்ளை உண்மையிற் பெறுவது கீழ்ச் சம்பளமாக இருக்கலாம்.

படிப்பா விளையாட்டா என்று அக்கா கேட்பது பழைய கேள்வி என்பதையும் சொல்லவேண்டும். முன்பு கனடாவின் மூன்று பெரிய இளையோர் லீக்குகளில் ஆடியவரை அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் சேர்க்கமாட்டா. ஒரு வழியைத் தெரிந்தால் மற்றது மூடிவிடும். 2025 ஓகஸ்ட் முதல் அந்தத் தடை நீங்கிவிட்டது. சென் லூயியும், அவருக்கு முன் அடம் ஓட்ஸ், ஜோ மல்லன் ஆகிய தெரிவாகாத முன்கள வீரர்களும் பல்கலைக்கழக அணி வழியாகத்தான் மேலே வந்தார்கள். மல்லன் நியூயோர்க் நகரத் தெருவில் சில்லுச் சப்பாத்தோடு ஹொக்கி பழகியவர். அமெரிக்காவிற் பிறந்தவர்களில் முதன்முதலாக 500 கோல்கள் அடித்தவர். பட்டமும் ஆட்டமும் ஒரே வளாகத்தில் கிடைக்குமானால் பொறியியலை ஏன் எதிரியாக்க வேண்டும்? இருபத்திரண்டு வயதில் பட்டத்தோடு வெளியேறும் நல்ல முன்கள வீரனைத் தேடிக் கழகங்கள் போட்டி போடுவதும் உண்டு. அப்போது தெரிவாகாதது அனுகூலமாகும். தனக்கு இடம் உள்ள கழகத்தை அவனே பார்த்துத் தெரியலாம்.

*

பூநகரி மானாவாரி:

ஆசிரியைக்கு நன்றி. மூன்று தடவை என்று நான் எழுதியது பிழை. விதியின் முதற் பாதியை மட்டுமே வாசித்திருந்தேன். துணுக்காய் அண்ணாவுக்கு ஒன்று: தெரிவானவர்களிலும் முழங்கால் போனவர்கள் இருக்கிறார்கள்தானே. வழியிற் பழுதாகி நின்ற பேருந்தைக் காட்டி, புறப்பட வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

*

துணுக்காய் கணக்காளர்:

புறப்பட வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லை. திரும்பி வரக் காசு வைத்துக்கொண்டு புறப்படச் சொன்னேன்.

*

விசுவமடு வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாட்களாக உங்கள் பதில்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கண்டாவளை ஐயா சொன்னபடி கூர்டின் அந்தக் கோலைக் காணொளியில் தேடிப் பார்த்தேன். பக் எங்கே போகிறது என்பதே முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாம் முறைதான் பிடிபட்டது.

நேற்றிரவு மருமகனோடு பேசினேன். டிராஃப்ட் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. "ஓராள் குறைவாக ஆடும் நேரத்தில் பயிற்றுநர் உன்னை இறக்குகிறாரா?" என்று கேட்டேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "மாமாக்கு இது எப்பிடித் தெரியும்?" என்றான். சென்ற பருவத்தின் பிற்பாதியில் அவனை அப்படித்தான் இறக்கினார்களாம். கோல் அடிக்க விடாமல் அந்த வேலைக்குத் தள்ளிவிட்டார்கள் என்றும், அதனாற்தான் தன் புள்ளிகள் குறைந்து பெயர் வராமல் போனது என்றும் அவன் மனத்திற் குறைப்பட்டிருக்கிறான். நான்காவது வரிசை பற்றி ஐயா எழுதியதை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, ஆயினும் நாற்பது நிமிடம் தர்க்கித்தான். அறைக்குள் இருந்தவன் தர்க்கித்ததே அக்காவுக்குப் போதுமாக இருந்தது.

நவம்பர்க் கணக்கை அவன் முன்பே அறிந்திருக்கிறான், அக்காவுக்குத்தான் தெரியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பயிற்றுநர் வசந்த காலத்தில் அவனோடு பேசியிருக்கிறார் என்பதும் நேற்றுத்தான் வெளிவந்தது. டிராஃப்டில் பெயர் வந்தால் அது தேவைப்படாது என்று நினைத்துப் பதில் போடாமல் விட்டிருக்கிறான். இன்று பதில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இன்னுமொரு சந்தேகம். கழகம் ஒன்று ஜூலை மாத முகாமுக்கு அவனை அழைக்கக்கூடும் என்று அவனுடைய பயிற்றுநர் சொன்னாராம். தெரிவுசெய்யாமல் விட்டவர்களே முகாமுக்கு அழைப்பது எதற்காக?

*

கண்டாவளை திரும்பியவன்:

அது வழமைதான் வாத்தியார். ஜூலையில் கழகங்கள் தங்கள் இளம் வீரர்களுக்கு ஒரு கிழமை அளவில் முகாம் நடத்தும். எண்ணிக்கையை நிரப்பவும் கண்ணிற் பட்டவர்களை அருகில் வைத்துப் பார்க்கவும், தெரிவாகாத பிள்ளைகள் சிலரையும் அழைப்பார்கள். ஒப்பந்தம் கிடையாது. அங்கே நன்றாகச் செய்தவரைச் செப்டெம்பர் முகாமுக்கு மறுபடி அழைப்பதுண்டு.

அழைப்பு வந்தால், போவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகப் பயிற்றுநரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். கல்லூரி ஆட்டத் தகுதிக்கென்று தனி விதிகள் உண்டு. பயணச் செலவை யார் கொடுப்பது, எத்தனை நாள் தங்குவது என்பவற்றைக் கூட அவை பார்க்கும். கடிதம் வந்ததும் இங்கே எழுதுங்கள். நானும் விடிய எழும்புகிறவன்தான்.